யூனிக்ஸ் சர்வரில் கடவுச்சொல் கடைசியாக மாறிய தேதியைக் கண்டறிவது எப்படி?

பலர் பொதுவாகப் பயன்படுத்தும் கணக்கின் கடவுச்சொல்லைத் தெரிந்துவைத்திருந்த ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு யாராவது அந்தக் கடவுச்சொல்லை மாற்றினார்களா? சர்வர் நிர்வாகத்துக்குப் புதிதாக வருகிறவரிடம் முதல் சில மாதங்களுக்குள்ளேயே இப்படி ஒரு கேள்வி வந்து சேரும். தணிக்கைக்கு வந்தவர் கேட்பார், அல்லது எங்கோ கடவுச்சொற்கள் கசிந்துவிட்டன என்ற செய்தியைப் படித்துவிட்டு மேலாளர் கேட்பார்.

தேதியை எடுப்பது எளிது. லினக்ஸில் ஒரே கட்டளை போதும். ஆனால் கணினி அந்தத் தேதியை எந்தெந்தச் சமயங்களில் எழுதுகிறது, எப்போது எழுதாமல் விடுகிறது என்று தெரியாவிட்டால், மாறாத கடவுச்சொல்லை மாறிவிட்டது என்று உறுதி கூறிவிடுவோம். அதனால் கட்டளைகளைவிட, அவை காட்டும் தேதியைச் சரியாகப் படிப்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்புக்கு ஏற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். முக்கியமான கட்டளை முதலில் வரும் இடத்தில் அதன் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தை மட்டும் தனியாகக் குறிப்பிடுகிறேன். எடுத்துக்காட்டுகளில் வரும் பயனரின் பெயர் மலர்.

முதலில் இரண்டு கேள்விகள்

எந்த வகை யூனிக்ஸில் இருக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. வேறொருவர் அமைத்த சர்வரில் நுழையும்போது இதை ஊகிக்க வேண்டாம்; கேட்டுவிடுங்கள்:

யுநேம் -எஸ்

எழுத்துகள் யு, என், ஏ, எம், இ. லினக்ஸ் என்றால் லினக்ஸ் என்றே பதில் வரும். சோலாரிஸ் தன்னைச் சன்ஓஎஸ் என்று சொல்லிக்கொள்ளும். மேக் கணினி டார்வின் என்று சொல்லும்.

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: மலரின் கணக்கு இந்தக் கணினியிலேயே இருக்கிறதா, அல்லது நிறுவனத்தின் மையக் கோப்பகத்திலிருந்து வருகிறதா? எல்டாப், ஆக்டிவ் டைரக்டரி போன்ற மையக் கோப்பகத்தோடு சர்வர் இணைக்கப்பட்டிருந்தால், மலர் இங்கே நுழைய முடியும். ஆனால் அவருடைய கடவுச்சொல் பற்றிய எந்தக் குறிப்பும் இங்கே இருக்காது. இதை அறிய:

கிரெப் மலர் /இடிசி/பாஸ்வட்

கிரெப் என்பது ஜி, ஆர், இ, பி. கோப்பின் பெயர் பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி; அது இருக்கும் அடைவு இ, டி, சி. மலர் என்று தொடங்கும் ஒரு வரி வந்தால் கணக்கு உள்ளூரில் இருக்கிறது. எதுவும் வராமல், ஜி, இ, டி, இ, என், டி என்ற எழுத்துகள் கொண்ட கெட்என்ட் கட்டளையில் மட்டும், அதாவது "கெட்என்ட் பாஸ்வட் மலர்" என்று கேட்கும்போது மட்டும் வரி வந்தால், கணக்கு வெளியிலிருந்து வருகிறது. அப்படியானால் மையக் கோப்பகம் பற்றிய பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

லினக்ஸில் நேர்வழி

உள்ளூர்க் கணக்கு என்றால்:

சுடோ சேஜ் -எல் மலர்

கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கச் சொல்லும் சுடோ என்பது எஸ், யு, டி, ஓ. சேஜ் என்பது சி, எச், ஏ, ஜி, இ. சிறுகோட்டுக்குப் பின் வருவது சிறிய எல். உங்கள் சொந்தக் கணக்கைப் பற்றிக் கேட்க சுடோ தேவையில்லை. மற்றவர் கணக்கைப் பற்றிச் சாதாரணப் பயனராகக் கேட்டால் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஏழு வரிகள் வரும். நமக்கு வேண்டியது முதல் வரி: "லாஸ்ட் பாஸ்வேர்ட் சேஞ்ச்" என்று தொடங்கி, முக்காற்புள்ளிக்குப் பின் தேதி இருக்கும். மற்ற வரிகள் கடவுச்சொல் எப்போது காலாவதியாகும், கணக்கு எப்போது காலாவதியாகும், மறுபடி மாற்றுவதற்குக் குறைந்தது எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பவற்றைச் சொல்கின்றன. அதிகபட்ச நாள் என்ற இடத்தில் 99999 என்று பார்த்தால் திகைக்க வேண்டாம். அது ஏறத்தாழ 273 ஆண்டுகள். காலாவதியே இல்லை என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

முதல் வரியில் தேதிக்குப் பதிலாக வேறு இரண்டு பதில்களும் வரலாம். "பாஸ்வேர்ட் மஸ்ட் பி சேஞ்ச்டு" என்று வந்தால், அடுத்த முறை நுழையும்போது கட்டாயம் மாற்ற வேண்டும் என்று நிர்வாகி ஆணையிட்டிருக்கிறார், பயனர் இன்னும் மாற்றவில்லை என்று பொருள். "நெவர்" என்று வந்தால் அந்த இடம் காலியாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். கடவுச்சொல் ஒருபோதும் மாற்றப்படவில்லை என்று அதைப் படிப்பது தவறு. தேதி பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

இதே தகவலை ஒரே வரியில் சுருக்கமாகத் தரும் கட்டளையும் உண்டு:

சுடோ பாஸ்வட் -எஸ் மலர்

இங்கே எஸ் பெரிய எழுத்து. கடவுச்சொல்லை மாற்றும் அதே கட்டளைதான் இது. எஸ் சேர்த்தால் மாற்றாமல் நிலையை மட்டும் காட்டும். பெயருக்கு அடுத்து ஓரிரு எழுத்துகளில் நிலை வரும். டெபியன், உபுண்டு சர்வர்களில் பி என்றால் கடவுச்சொல் இருக்கிறது, எல் என்றால் பூட்டப்பட்டிருக்கிறது, என்பி என்றால் கடவுச்சொல்லே இல்லை. ரெட் ஹாட் குடும்பத்தில் முதல் இரண்டும் பிஎஸ், எல்கே என்று இருக்கும். மூன்றாவதாக வருவது கடைசியாக மாறிய தேதி.

இந்தத் தேதியின் வடிவத்தில் நம் ஊர்க்காரர்கள் எளிதில் ஏமாந்துவிடுவார்கள். புதிய பதிப்புகள் 2024-03-05 என்று ஆண்டை முதலில் வைத்து எழுதுகின்றன, குழப்பம் இல்லை. பழைய டெபியன், உபுண்டு பதிப்புகள் 03/05/2024 என்று எழுதும். நாள் முதலில், மாதம் அடுத்து என்று படித்துப் பழகிய நமக்கு அது மே 3. உண்மையில் அது மார்ச் 5. அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வருகிறது. நாள் எண் 12ஐத் தாண்டினால் தவறு உடனே கண்ணில் படும். 12க்குள் இருந்தால் படாது. ஐயம் இருந்தால் சேஜ் கட்டளையில் மறுபடி பாருங்கள். அது மாதத்தை எழுத்தில் காட்டும்.

தேதி தங்கியிருக்கும் கோப்பு

இந்தக் கட்டளைகள் எல்லாம் படிப்பது ஒரே கோப்பைத்தான்: /இடிசி/ஷேடோ. எழுத்துகள் எஸ், எச், ஏ, டி, ஓ, டபிள்யூ. தொடக்கக் கால யூனிக்ஸில் மறையாக்கப்பட்ட கடவுச்சொற்கள், எல்லோரும் படிக்கக்கூடிய பாஸ்வட் கோப்பிலேயே இருந்தன. யார் வேண்டுமானாலும் அதை நகலெடுத்துப் போய் வீட்டில் உட்கார்ந்து உடைத்துப் பார்க்கலாம் என்ற நிலை. 1980களில் அவற்றை ரூட், அதாவது முழு உரிமை கொண்ட நிர்வாகக் கணக்கு, மட்டுமே படிக்கக்கூடிய தனிக் கோப்புக்கு மாற்றினார்கள். லினக்ஸ் சர்வர்களில் இன்று ஓடும் சேஜ் போன்ற கருவிகளின் மூலத் தொகுப்பை ஜூலியான் ஹாஹ் 1987இல் எழுதத் தொடங்கினார்.

ஷேடோ கோப்பில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி. வரிக்குள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஒன்பது புலங்கள். முதலாவது பயனர் பெயர், இரண்டாவது மறையாக்கப்பட்ட கடவுச்சொல், மூன்றாவது நாம் தேடும் தேதி. ஆனால் அது தேதியைப் போல் இருக்காது. 19787 என்பது போன்ற ஓர் எண் இருக்கும். 1970 ஜனவரி 1ஐப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு எண்ணினால் அது எத்தனையாவது நாள் என்பதே அந்த எண்.

அதைத் தேதியாக மாற்ற லினக்ஸிலேயே வழி இருக்கிறது:

டேட் -யு -டி "1970-01-01 +19787 டேஸ்"

டேட் என்பது டி, ஏ, டி, இ. டேஸ் என்பது டி, ஏ, ஒய், எஸ். விடை 2024 மார்ச் 5. கூடவே நள்ளிரவு 00:00:00 என்று நேரமும் வரும். அதைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் மாற்றினார் என்று எழுதிவிடாதீர்கள். கோப்பில் நேரமே கிடையாது. நாள் மட்டும்தான் இருக்கிறது. மீதியை டேட் கட்டளை தானாக நிரப்பிக்கொள்கிறது.

கட்டளை கையில் இல்லாதபோது மனக்கணக்கும் போடலாம். 2024 ஜனவரி 1 என்பது 19723. 2025 ஜனவரி 1 என்பது 20089. 2026 ஜனவரி 1 என்பது 20454. கோப்பில் 20315 என்று இருந்தால் அதிலிருந்து 20089ஐக் கழியுங்கள், 226. ஜனவரி 1இலிருந்து 226 நாள் தள்ளிப் போனால் 2025 ஆகஸ்ட் 15. இந்த மூன்று எண்களையும் குறித்துவைத்துக்கொண்டால், பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் எது பழையது, எது புதியது என்று சொல்லிவிடலாம்.

ஷேடோ கோப்பை அப்படியே திறந்து காட்டும் பழக்கம் வேண்டாம். அதன் இரண்டாவது புலம் திரையில் தெரிந்தால், திரையைப் படமெடுத்து அனுப்புவதிலும், மின்னஞ்சலில் ஒட்டுவதிலும், பழுதுச் சீட்டில் இணைப்பதிலும் அது வெளியே போய்விடும். மறையாக்கப்பட்டதுதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. எளிய கடவுச்சொல்லாக இருந்தால் உடைக்கப்படும். வேண்டிய இரண்டு புலங்களை மட்டும் வெட்டி எடுங்கள்:

சுடோ கட் -டி: -எஃப்1,3 /இடிசி/ஷேடோ

கட் என்பது சி, யு, டி. சிறுகோட்டுக்குப் பின் வரும் டி எழுத்தை ஒட்டி முக்காற்புள்ளி. எஃப் எழுத்தை ஒட்டி புல எண்கள். எல்லாப் பயனர்களின் பெயரும் நாள் எண்ணும் வரிக்கு ஒன்றாக வரும். இதை யாருக்கும் தயங்காமல் அனுப்பலாம். பழையது முதலில் வர வேண்டுமென்றால், கடைசியில் செங்குத்துக் கோடு போட்டு "சார்ட் -டி: -கே2 -என்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள், சார்ட் என்பது எஸ், ஓ, ஆர், டி. இங்கே டி என்பது டேட் என்ற சொல்லின் மூன்றாவது எழுத்து, முதல் எழுத்து அல்ல. கட் கட்டளையில் சிறுகோட்டுக்குப் பின் வந்த டி அதன் முதல் எழுத்து.

ஐந்தரை மணி நேர வித்தியாசம்

இந்த நாள் எண் கிரீன்விச் நேரப்படி எண்ணப்படுகிறது. சர்வரின் நேர மண்டலத்தைச் சென்னைக்கோ கொழும்புக்கோ அமைத்திருந்தாலும் எண்ணிக்கை மாறாது. இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் அந்த நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். ஆகவே நம் கடிகாரத்தில் நள்ளிரவு 12 மணிக்கும் காலை 5:30க்கும் இடையில் மாற்றப்படும் எந்தக் கடவுச்சொல்லும் முந்தைய நாளின் தேதியில் பதிவாகும். மார்ச் 5 அதிகாலை 3 மணிக்கு மாற்றினால் கோப்பு மார்ச் 4 என்று சொல்லும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை 8 மணி வரை இந்த நிலைதான்.

சர்வர் பராமரிப்பு வேலைகள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் நடப்பதால் இது அன்றாடம் எதிர்ப்படும் விஷயம். நான்காம் தேதி மாலை ஒருவர் வேலையை விட்டுப் போனார், ஐந்தாம் தேதி அதிகாலையில் கடவுச்சொல்லை மாற்றினீர்கள் என்றால், கோப்பில் இரண்டும் ஒரே நாள். முன்னா பின்னா என்று அந்தத் தேதியை வைத்து நிரூபிக்க முடியாது. அதற்குப் பதிவேடுகளிடம் போக வேண்டும்.

தேதி இருக்கும், மாற்றம் இருக்காது

புதியவர்கள் நின்று படிக்க வேண்டிய பகுதி இது. மூன்றாவது புலம் மாறுவதற்குப் பயனர் புதிய கடவுச்சொல் வைத்தது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

கணக்கைப் புதிதாக உருவாக்கும்போதே அன்றைய நாள் எண் அங்கே எழுதப்பட்டுவிடுகிறது. கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும்கூட. அதனால் தேதியைப் பார்க்குமுன் அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது புலம் டாலர் குறியில் தொடங்கினால் கடவுச்சொல் இருக்கிறது. வெறும் ஆச்சரியக்குறியோ, இரண்டு ஆச்சரியக்குறிகளோ, உடுக்குறியோ மட்டும் இருந்தால் கடவுச்சொல்லே வைக்கப்படவில்லை. தேதி கணக்கு பிறந்த நாளையே சொல்கிறது. ஆச்சரியக்குறியைத் தொடர்ந்து டாலர் குறி வந்தால் கடவுச்சொல் இருந்து பின்னர் பூட்டப்பட்டிருக்கிறது. பட்டியலில் டீமன், பின் போன்ற அமைப்புக் கணக்குகள் எல்லாம் ஒரே தேதியைக் காட்டுவதும் இதனால்தான். அந்த நாளில் இயங்குதளத்தை நிறுவினார்கள், அல்லது மேகச் சர்வரின் அச்சுப் படிமத்தை உருவாக்கினார்கள்.

அன்சிபிள் போன்ற தானியங்கிக் கருவிகள், கணக்கைத் திருத்தும் யூசர்மாட் கட்டளையின் வழியே மறையாக்கப்பட்ட கடவுச்சொல்லை நேரடியாக எழுதும்போதும் அன்றைய தேதி பதிவாகும். வைத்தது பழைய கடவுச்சொல்லே என்றாலும் தேதி புதிதாகிவிடும். நூறு சர்வர்களில் ஒரே தேதி தெரிந்தால் நூறு பேரும் பொறுப்பாக மாற்றினார்கள் என்று மகிழ்வதற்கு முன், அந்த நாளில் எந்தக் கருவி ஓடியது என்று விசாரியுங்கள்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். ஷேடோ கோப்பை நேரடியாகத் திருத்தி இரண்டாவது புலத்தை மட்டும் மாற்றினால் மூன்றாவது புலம் பழைய தேதியிலேயே நிற்கும். இன்னும் முக்கியமானது: சேஜ் கட்டளையில் சிறுகோடு டி (டேட் என்ற சொல்லின் முதல் எழுத்து) சேர்த்து, ரூட் உரிமை உள்ள எவரும் விரும்பிய தேதியை எழுதிவிடலாம். அதற்குக் கடவுச்சொல்லைத் தொட வேண்டியதே இல்லை. காலாவதி நெருங்கும்போது "தேதியை மட்டும் தள்ளிவைத்துக் கொடுங்கள்" என்ற வேண்டுகோளுக்கு இணங்கி இப்படிச் செய்யும் அலுவலகங்கள் உண்டு. எனவே ஷேடோ கோப்பின் தேதியைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளுங்கள். அதையே முழுச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

ஷேடோ கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைப் பட்டியலிட்டுப் பார்த்து, அதை மலரின் கடவுச்சொல் மாறிய நேரம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பயனரின் வரி மாறினாலும் அந்த நேரம் மாறிவிடும். மலரைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

நேரமும் ஆளும் வேண்டுமென்றால்

எத்தனை மணிக்கு, யார் மாற்றினார் என்பதற்குப் பதிவேடுகள்தான் கதி. உபுண்டு, பழைய டெபியன் சர்வர்களில் /வார்/லாக்/ஆத்.லாக் என்ற கோப்பு. ரெட் ஹாட், ராக்கி லினக்ஸ் போன்றவற்றில் /வார்/லாக்/செக்யூர். வார் என்பது வி, ஏ, ஆர். ஆத் என்பது ஏ, யு, டி, எச். கிரெப் கட்டளையால் "பாஸ்வேர்ட் சேஞ்ச்டு ஃபார் மலர்" என்ற தொடரைத் தேடுங்கள். கிடைக்கும் வரியின் தொடக்கத்தில் நொடி வரை நேரம் இருக்கும். பெரும்பாலும் அது சர்வரின் உள்ளூர் நேரம். ஆகவே பதிவேடு மார்ச் 5 என்றும் ஷேடோ மார்ச் 4 என்றும் சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

மலர் தானே மாற்றினாலும், நிர்வாகி மாற்றிக் கொடுத்தாலும் இந்த வரி ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிய அதற்கு மேலே உள்ள வரிகளைப் பாருங்கள். யாரோ சுடோ மூலம் பாஸ்வட் கட்டளையை மலர் என்ற பெயருடன் இயக்கியிருந்தால் அவருடைய பயனர் பெயரோடு அது பதிவாகியிருக்கும். "சேஞ்ச்டு பாஸ்வேர்ட் எக்ஸ்பைரி ஃபார்" என்ற வரியும் முக்கியம். சேஜ் கட்டளையால் காலக்கெடுவையோ தேதியையோ யாரோ மாற்றியதன் தடயம் அது.

பதிவேடுகள் நெடுநாள் இருக்காது. பழையவை சுருக்கி வைக்கப்பட்டு, சில வாரங்களில் அழிக்கப்படும். சுருக்கியவற்றில் தேட கிரெப்புக்கு முன்னால் இசட் எழுத்தைச் சேர்த்து இசட்கிரெப் என்று இயக்குங்கள்.

ஆடிட்டி என்ற தணிக்கைச் சேவை ஓடும் சர்வரில் இன்னும் உறுதியான பதில் கிடைக்கும். ரெட் ஹாட் குடும்பத்தில் அது வழக்கமாக இருக்கும்; உபுண்டுவில் நாமே நிறுவ வேண்டும். ஆசர்ச் என்ற கட்டளையில், எழுத்துகள் ஏ, யு, எஸ், இ, ஏ, ஆர், சி, எச், சிறுகோடு எம் கொடுத்து யூசர்_சாத்டாக் என்ற நிகழ்வு வகையைத் தேட வேண்டும். அதன் எழுத்துகள் அனைத்தும் பெரியவை: யு, எஸ், இ, ஆர், அடிக்கோடு, சி, எச், ஏ, யு, டி, எச், டி, ஓ, கே. விடையில் ஏயுஐடி என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒருவர் தன் பெயரில் நுழைந்து, பின்னர் ரூட்டாக மாறி வேலை செய்திருந்தாலும், முதலில் நுழைந்தவரின் அடையாளம் அதில் மாறாமல் நிற்கும்.

லினக்ஸ் அல்லாத யூனிக்ஸ்கள்

சோலாரிஸில் ஷேடோ கோப்பு லினக்ஸைப் போலவே நாள் எண்ணை வைத்திருக்கிறது. கட்டளை "பாஸ்வட் -எஸ் மலர்". ஆனால் இங்கே எஸ் சிறிய எழுத்து. தேதி மாதம் முதலில், ஆண்டு இரண்டே இலக்கத்தில் வரும்.

ஐபிஎம் நிறுவனத்தின் ஏஐஎக்ஸில் ஷேடோ கோப்பே கிடையாது. /இடிசி/செக்யூரிட்டி/பாஸ்வட் என்ற கோப்பில் பயனருக்கு ஒரு பத்தி. அதில் லாஸ்ட்அப்டேட் என்ற வரி. அது நாள் எண் அல்ல, 1970இலிருந்து கடந்த நொடிகள். ஆகவே நேரமும் துல்லியமாகக் கிடைக்கும். ரூட்டாக "பிடபிள்யூடிஅட்ம் -க்யூ மலர்" என்று கேட்டாலே வந்துவிடும். எழுத்துகள் பி, டபிள்யூ, டி, ஏ, டி, எம். கூடவே ஏடிஎம்சிஎச்ஜி என்ற கொடி தெரிந்தால், கடைசியாக மாற்றியவர் நிர்வாகி, பயனர் இன்னும் தன் சொந்தக் கடவுச்சொல்லை வைக்கவில்லை என்று பொருள். லினக்ஸில் பதிவேட்டைத் துழாவித் தெரிந்துகொள்வதை ஏஐஎக்ஸ் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. எச்பி-யுஎக்ஸ் நம்பகப் பயன்முறையில் ஓடினால் /யுஎஸ்ஆர்/எல்பின் அடைவில் உள்ள கெட்பிஆர்பிடபிள்யூ கட்டளையை, சிறுகோடு எம், எஸ்பிடபிள்யூசிஎச்ஜி என்ற சொற்களோடு இயக்க வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டியில் எச்சரிக்கை தேவை. அங்கே /இடிசி/மாஸ்டர்.பாஸ்வட் கோப்பின் ஆறாவது புலத்தின் பெயரே "சேஞ்ச்". லினக்ஸிலிருந்து வருகிறவர் அதைக் கடைசியாக மாறிய நேரம் என்று நம்பிவிடுவார். உண்மையில் அது எதிர்காலத்தைக் குறிக்கிறது: எந்த நேரத்துக்குள் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும் என்ற கெடு. கெடு இல்லையென்றால் பூஜ்யம். கடைசியாக மாறிய தேதியை அந்தக் கோப்பு வைத்துக்கொள்வதே இல்லை. லாகின்.கான்ஃப் கோப்பில் பாஸ்வேர்ட்டைம் என்ற ஆயுள் வரம்பு 90 நாள் என்று நடைமுறையில் இருந்தால், ஆறாவது புலத்திலிருந்து 90 நாளுக்கான 77,76,000 நொடிகளைக் கழித்து மாறிய நேரத்தை ஊகிக்கலாம். வரம்பு இல்லாத சர்வரில் பதிவேடுகளைத் தவிர வழியில்லை.

மேக் கணினியில் டிஎஸ்சிஎல் என்ற கட்டளை: "சுடோ டிஎஸ்சிஎல் . -ரீட் /யூசர்ஸ்/மலர் அக்கவுன்ட்பாலிசிடேட்டா". நடுவில் ஒரு புள்ளி உண்டு. யூசர்ஸ் என்பதன் முதல் எழுத்தும், பாலிசி, டேட்டா என்பவற்றின் முதல் எழுத்துகளும் பெரியவை. விடையில் பாஸ்வேர்ட்லாஸ்ட்செட்டைம் என்ற பெயருக்குக் கீழே இருக்கும் எண்தான் நொடிக் கணக்கு.

மையக் கோப்பகத்தில் இருக்கும் கணக்குகள்

ஓப்பன்எல்டாப் சர்வரில் கடவுச்சொல் கொள்கைத் தொகுதி இயங்கினால், பிடபிள்யூடிசேஞ்ச்டுடைம் என்ற பண்பில் ஆண்டு, மாதம், நாள், நேரம் எல்லாம் ஒட்டி எழுதப்பட்டிருக்கும். அது உள்செயல் பண்பு. பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். சாதாரணத் தேடலில் காணவில்லை என்பதால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். கெர்பரோஸ் என்ற நுழைவுச் சரிபார்ப்பு அமைப்பில் கேஅட்மின் கருவிக்குள் கெட்பிரின்க் என்று கேட்டால் கடைசியாக மாறிய நேரத்தை நேராகவே சொல்லும்.

ஆக்டிவ் டைரக்டரியின் பிடபிள்யூடிலாஸ்ட்செட் பண்பில் பதினெட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். 1601 ஜனவரி 1இலிருந்து கடந்த காலத்தை, நொடியை ஒரு கோடிக் கூறாக்கி எண்ணியது அது. ஒரு கோடியால் வகுத்து, விடையிலிருந்து 11,64,44,73,600ஐக் கழித்தால் யூனிக்ஸ் நொடிக் கணக்கு கிடைக்கும். டேட் கட்டளைக்கு அதன்முன் @ குறி போட்டுக் கொடுத்துவிடலாம்.

கசிவுக்குப் பின், கட்டாயமாக மாற்றச் சொல்வதற்கு முன்

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை எல்லோரையும் மாற்றவைப்பதற்காக மட்டும் இந்தத் தேதியைப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படி நெருக்கினால் கடைசி எண்ணை மட்டும் கூட்டி வைப்பதுதான் நடக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2017இல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டியும், காரணமின்றிக் காலமுறைப்படி மாற்றச் சொல்ல வேண்டாம், கசிந்ததற்குச் சான்று இருந்தால் மாற்றச் செய்யுங்கள் என்றே பரிந்துரைத்தது. கசிவு நடந்த நாளுக்குப் பிறகும் மாறாத கணக்குகள் எவை என்று வடிகட்டுவதில்தான் இந்தத் தேதி மெய்யாகவே உதவுகிறது.

அப்படி வடிகட்டிய கணக்குகளுக்கு "சேஜ் -டி 0 மலர்" என்று ஆணையிட்டால், அடுத்த நுழைவில் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் இது மூன்றாவது புலத்தைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. அதுவரை அங்கிருந்த தேதி போய்விடும். கடைசி மாற்றத்தின் முந்தைய நிலை /இடிசி/ஷேடோ- என்று சிறுகோட்டில் முடியும் நகல் கோப்பில் இருக்கலாம். இரண்டாவது கணக்குக்கு ஆணையிட்டதும் அந்த நகலும் மேலெழுதப்படும். விசாரணைக்குப் பிறகு தேவைப்படும் என்பதால், முதலில் கட் கட்டளையின் பட்டியலை ஒரு கோப்பில் சேமியுங்கள். எடுத்த நாள், நேரம், சர்வரின் பெயர் ஆகியவற்றை அதன் தலைப்பில் எழுதுங்கள். பிறகு ஆணையிடுங்கள்.

சேவைக் கணக்குகளை அந்த ஆணையிலிருந்து விலக்கி வையுங்கள். மனிதர் நுழையாத கணக்கில் பூஜ்யம் எழுதினால், குறித்த நேரத்தில் தானாக இரவில் ஓடும் கிரான் வேலைகள் "கடவுச்சொல் செல்லாது, புதியது தேவை" என்ற பொருளில் பிழை எழுதிவிட்டு நின்றுவிடும். அவற்றின் கடவுச்சொல்லை நீங்களே பாஸ்வட் கட்டளையால் மாற்றிவிடுவது நல்லது.

வேலையை விட்டுப் போனவர் பற்றிய கேள்வி என்றால், தேதி பார்ப்பதோடு இன்னொரு கோப்பையும் திறக்க வேண்டும்: அந்தக் கணக்கின் இல்ல அடைவில் .எஸ்எஸ்எச் என்ற மறை அடைவுக்குள் இருக்கும் ஆத்தரைஸ்டு_கீஸ். அதில் அவருடைய பொதுச் சாவி இன்னும் இருந்தால், கடவுச்சொல் நேற்றே மாறியிருந்தாலும் அவர் இன்று உள்ளே வரலாம். வரியின் கடைசியில் பெரும்பாலும் சாவிக்குரியவரின் பெயரோ கணினியின் பெயரோ இருக்கும். யாருடையது என்று தெரியாத வரியைக் குழுவில் விசாரித்துவிட்டு நீக்குங்கள்.